நாலு வயதுப் பிள்ளைக்கு சூப்பர் ஹீரோ கார்ட்டூன் காட்டலாமா?

கேள்வி: டாக்டர், எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். மகனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. போகிறான். மகளுக்கு இரண்டு வயது. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் சாயங்காலம் வரை பிள்ளைகள் அப்பத்தா பொறுப்பில்தான். மாடி வீட்டில் இருக்கும் பெரியப்பா மகன் ஏழாம் வகுப்பு. அவன் சூப்பர் ஹீரோக்கள் கூட்டமாக வரும் அவெஞ்சர்ஸ் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான், இவனும் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இப்போது துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மாடிப்படியிலிருந்து குதிக்கிறான். கையை நீட்டி "வலை விடுறேன்" என்று தங்கச்சியைத் தள்ளிவிடுகிறான். போன வாரம் பள்ளியில் ஒரு பையனை மூக்கில் குத்திவிட்டு, "அவன் வில்லன் மிஸ்" என்றானாம். அதே அவெஞ்சர்ஸ் ஆட்களை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கார்ட்டூன் வரப்போகிறது என்று அண்ணன்காரன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து "எப்பம்மா வரும்" என்று ஒரே நச்சரிப்பு. வந்தால் காட்டலாமா, இல்லை இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று அடியோடு நிறுத்திவிடலாமா? "ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்" என்கிறார் அவன் அப்பா. பிறந்தநாளுக்கு சூப்பர் ஹீரோ டிரெஸ் வேறு கேட்கிறான். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கார்ட்டூன் இன்னும் வரவில்லை. மாடிப்படி இன்று சாயங்காலமும் அங்கேதான் இருக்கும். அதனால் முதலில் படியைப் பேசிவிடுவோம்.

கழுத்தில் துண்டு கட்டி விளையாடுவது இன்றோடு நிற்க வேண்டும். குதிக்கும்போது துண்டின் நுனி படிக் கைப்பிடியிலோ ஜன்னல் கொக்கியிலோ மாட்டிக்கொண்டால் உடம்பின் பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, கத்தவும் முடியாது. முதுகுக்குப் பின்னால் ஏதாவது பறந்தே ஆக வேண்டும் என்று அவன் அடம்பிடித்தால், ஒரு பழைய சட்டையின் இரண்டு தோள்பட்டையிலும் துணியை வைத்து லேசாக இரண்டு தையல் போட்டுக் கொடுங்கள். எங்காவது மாட்டினால் நூல் அறுந்து துணி தனியாக வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஊக்கு குத்த வேண்டாம். மொட்டை மாடிக் கதவுக்கு அவன் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், வாளியையும் ஸ்டூலையும் அதன் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். குதிக்காதே என்று மட்டும் சொன்னால் நடக்காது. குதிப்பதற்கு ஓர் இடம் காட்டுங்கள்: கூடத்தில் மெத்தையைப் போட்டு, அதன் மேல் நின்ற இடத்திலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் குதிக்கட்டும். படி என்றால் இறங்குவதற்கு, மெத்தை என்றால் குதிப்பதற்கு. இதை அப்பத்தாவும் மாடி வீட்டு அண்ணனும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் சில மருத்துவர்கள் சூப்பர் ஹீரோ உடை போட்டுக்கொண்டு அடிபட்டு வந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி 2007இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் உயரத்தில் ஏறி விழுந்தவர்கள். நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1997இல் தூர்தர்ஷனில் சக்திமான் ஓடத் தொடங்கிய பிறகு, அவன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் விபரீதம் செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. கடைசியில் அந்த நடிகரே திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுக்கும் அது நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். நாலு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து "உன்னால் பறக்க முடியுமா?" என்று கேட்டால் "முடியாது, சும்மா" என்று சிரிப்பான். விளையாட்டுச் சூட்டில், முதுகில் துணி படபடக்கும்போது அந்தச் "சும்மா" அவனுக்கு மறந்துபோகும். இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை, வயது அப்படி.

சரி, இப்போது கார்ட்டூனுக்கு வருவோம்.

பெரிய பிள்ளைகளுக்கான வீரர்களைச் சின்னதாக்கி, கன்னத்தைக் கொஞ்சம் உப்பவைத்து, மூன்று முதல் ஐந்து வயதுக்குத் தருவது இப்போது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். டிஸ்னி ஜூனியரில் 2021இல் 'ஸ்பைடி அண்ட் ஹிஸ் அமேசிங் ஃபிரெண்ட்ஸ்' வந்தது. பீட்டர், குவென், மைல்ஸ் என்று மூன்று பிள்ளைகள் சிலந்தி வீரர்களாக வருவார்கள். 2025 ஆகஸ்டில் அதே பாணியில் அயர்ன் மேனை வைத்து ஒன்று வந்தது. பேட்மேனின் வண்டிகளைப் பேசவைத்து 'பேட்வீல்ஸ்' என்று 2022இல் ஒன்று. வெளிநாட்டுச் சரக்கு மட்டும்தான் என்றில்லை. 2008இல் போகோவில் வந்த சோட்டா பீம் லட்டு தின்றுவிட்டு ஆட்களைத் தூக்கி எறிவான் அல்லவா, அவனையே தவழும் குழந்தையாக்கி 2019இல் நெட்ஃபிளிக்ஸில் 'மைட்டி லிட்டில் பீம்' என்று கொண்டுவந்தார்கள். அதில் வசனமே கிடையாது, சிரிப்பும் அழுகையும்தான். அதனால் மொழி தெரியாத ஊர்ப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

இந்த வகைத் தொடர்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பைடியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் இரண்டு சின்னக் கதை. ரைனோ, பச்சைக் காப்ளின் போன்ற வில்லன்கள் எதையாவது தூக்கிக்கொண்டு போவார்கள், அல்லது ஊரைக் கலைத்துப் போடுவார்கள். மூன்று பிள்ளைகளும் துரத்துவார்கள். முதல் தடவை தோற்பார்கள், ஏனென்றால் ஒருவன் தனியாகப் போயிருப்பான் அல்லது பொறுமை இழந்திருப்பான். அப்புறம் கூடிப் பேசி, வலையை வீசி, வில்லனை மாட்டவைப்பார்கள். ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, சாவு கிடையாது. வில்லன்கூட சில கதைகளில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கூட விளையாட வந்துவிடுவான். வரப்போகிற தொடரும் இதே வார்ப்பில் வந்தால், அதைப் பார்த்து உங்கள் மகன் கெட்டுவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். காட்டலாம்.

ஆனால் "சின்னப் பிள்ளைகளுக்கானது" என்று அட்டையில் போட்டிருப்பதை வைத்து, நல்ல புத்தி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடைசி இரண்டு நிமிடத்தில் வரும் "சேர்ந்து செய்தால் ஜெயிக்கலாம்" என்ற பாடம் பெற்றோருக்குத்தான் கேட்கிறது. பிள்ளையின் மனதில் நிற்பது அதற்கு முந்தைய எட்டு நிமிடத் துரத்தல். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கார்ட்டூனில் மூன்று காலுள்ள நாய் ஒன்று புதிதாக ஊருக்கு வருகிறது. மற்ற நாய்கள் அதனோடு பழகப் பயந்து, கடைசியில் நட்பாகிவிடுகின்றன. வித்தியாசமாக இருப்பவர்களை ஒதுக்காதே என்பதுதான் பாடம். மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டு, "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்கள். நிறையப் பேர் சொன்ன பதில், மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பது. பிள்ளைகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த வயதில் கண்ணில் கண்டதுதான் பாடம், அதற்குப் பின்னால் இருப்பது இல்லை. பயப்படும் காட்சிகளை வெட்டிவிட்டுக் காட்டியபோது இன்னும் கொஞ்சம் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதையும் கவனியுங்கள். மோதலும் பயமும் அதிகமாகக் காட்டக் காட்ட, பாடம் அடியில் போய்விடுகிறது.

சூப்பர் ஹீரோ விஷயத்திலேயே நேரடியாக ஒரு ஆய்வு 2017இல் வந்தது. மழலையர் பள்ளி வயதில் 240 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். சூப்பர் ஹீரோ மோகம் அதிகமாக இருந்த பிள்ளைகளிடம் ஒரு வருடத்துக்குப் பிறகு அடிதடி கூடுதலாக இருந்தது, "நீ எங்களோடு சேராதே" என்று ஒதுக்குவதும் கூடுதலாக இருந்தது. சரி, வீரர்கள் பலவீனமானவர்களைக் காப்பாற்றுகிறார்களே, அந்தக் குணமாவது கூடியதா? கூடவில்லை. உனக்கு ஏன் அவனைப் பிடிக்கும் என்று கேட்டால், காப்பாற்றுகிறான் என்று சொன்னவர்கள் சொற்பம். பறக்கிறான், பலசாலி, உடை நன்றாக இருக்கிறது, அடிக்கிறான் என்பவைதான் மற்றவை. காரணம் இதுதான் என்று இந்த ஒரே ஆய்வை வைத்து முத்திரை குத்த நான் தயாராக இல்லை. ஆனால் "நல்லவன் ஜெயிக்கிற கதைதானே" என்று நிம்மதியாகச் சமையலறைக்குப் போய்விட முடியாது என்பதற்கு இது போதும்.

இப்போது உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட இடத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் இப்போது செய்யும் சேட்டை எதையும் அந்தப் புதுக் கார்ட்டூனில் கற்றுக்கொள்ளவில்லை. அது வரவே இல்லையே! கற்றது மாடி வீட்டில். கார்ட்டூன் அவன் வயதுக்கு எடுக்கப்பட்டது. அதில் வரும் அதே முகம் பதின்மூன்று வயதுக்கான படத்திலும் இருக்கிறது, வீடியோ கேமிலும் இருக்கிறது, யூடியூபிலும் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு இவை எல்லாம் ஒரே ஆள். "அது உனக்கானது, இது அண்ணனுக்கானது" என்ற எல்லை அவனுக்குத் தெரியாது. சொல்லப்போனால் எல்லை தெரியாமல் இருப்பதுதான் வியாபாரத்துக்கும் தோது. மூன்று வயதில் முகம் பழகிவிட்டால் பத்து வயதில் டிக்கெட் வாங்குவான்.

அதனால் நீங்கள் காவல் போட வேண்டிய வாசல் புதுத் தொடர் இல்லை, அந்த முகம் உள்ளே வரும் மற்ற வாசல்கள்தான்.

முதல் வாசல் பெரியப்பா மகன். அவனைத் திட்டாதீர்கள், அவன் பார்ப்பது அவன் வயதுக்கு ஏறக்குறைய ஒத்ததுதான். 2021இல் வந்த விதிகளின்படி இந்திய ஓடிடி தளங்கள் எல்லாவற்றுக்கும் வயது முத்திரை போட வேண்டும்: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. இதில் 13+இலிருந்து மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தந்தாக வேண்டும். படம் ஆரம்பிக்கும்போது மூலையில் வரும் அந்த எண்ணை அண்ணன்காரனிடமே காட்டி, "இது போட்டிருந்தால் தம்பி கீழே வந்துவிட வேண்டும், அனுப்புவது உன் பொறுப்பு" என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இப்படி ஒரு அதிகாரம் கொடுத்தால் நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பாக இருப்பான். அக்காளிடம், அதாவது உங்கள் ஓரகத்தியிடம், முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் "எம்பிள்ளையாலதான் கெடுதலாம்ல" என்று வேறு வழியில் போய்விடும்.

இரண்டாவது வாசல் அப்பத்தா கையில் இருக்கும் செல்போன். என் அனுபவத்தில் இதுதான் பெரிய வாசல். சோறு ஊட்ட வேண்டும், பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், அப்பத்தாவுக்கு முட்டி வலி, பின்னாலேயே ஓட முடியாது. போனைக் கொடுத்தால் கிண்ணம் காலியாகிறது. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் போனில் அந்த வீரன் பெயரைக் குரலில் சொல்லித் தேடினால் வருவது டிஸ்னி எடுத்த தொடர் மட்டும் இல்லை. யாரோ முகமூடி போட்டு எடுத்த வீடியோ, பொம்மைகளை அடித்து உடைக்கும் வீடியோ, ஷார்ட்ஸில் பெரிய படத்தின் சண்டைத் துண்டு எல்லாம் வரிசையில் நிற்கும். 2017இல் பெரிய ரகளையே ஆனது. ஸ்பைடர்மேன், எல்சா போன்ற பிள்ளைகளுக்குப் பிடித்த உருவங்களை வைத்து ஊசி குத்துவது, கடத்துவது, ரத்தம் என்று ஆபாசமும் வன்முறையும் கலந்த வீடியோக்கள் குழந்தைகள் வீடியோ போலவே யூடியூபில் உலவின. செய்தி வெளியான பிறகு நிறைய சேனல்களை நீக்கினார்கள். நீக்கினாலும் போலிகள் புதிதாக முளைக்காமல் இல்லை. முகப்புப் படத்தில் சிரிக்கும் ஸ்பைடி, உள்ளே வேறு ஏதோ. கண்ணாடி இல்லாமல் அப்பத்தாவுக்கு அது தெரியவும் தெரியாது.

ஆகவே அப்பத்தா போனிலிருந்து சாதாரண யூடியூபை எடுத்துவிட்டு, குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் செயலியைப் போடுங்கள். அதில் நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படி வைக்கலாம், தேடும் வசதியை மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவழித்தால் முடிகிற வேலை. அதைவிட நல்லது, சாப்பாட்டு நேரத்தில் திரையே இல்லாமல் இருப்பது. முதல் மூன்று நான்கு நாள் பாதிக் கிண்ணம்தான் இறங்கும். பசித்தால் தானே வருவான். அப்பத்தா "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்று சொல்வார். அந்த வாரம் எடை பார்க்காதீர்கள்.

சரி, தொடர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படிக் காட்டுவது? டிவியில் காட்டுங்கள், போனில் வேண்டாம். போன் என்றால் அவன் மட்டும் பார்ப்பான். டிவி என்றால் வீடே பார்க்கும், அவன் முகத்தையும் நீங்கள் பார்க்கலாம். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு போதும். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது, அதுவும் குறைவாக இருந்தால் நல்லது என்கிறது. தங்கச்சிக்கு இப்போதுதான் இரண்டு வயது. அவன் பார்க்கும் நேரத்தில் அவளை அப்பத்தா வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகட்டும். படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் எந்தத் திரையும் வேண்டாம். மூன்று நாலு வயதுக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளை மறுநாள் பள்ளியில் கை நீட்டுவதற்குக் கார்ட்டூனே தேவையில்லை.

கூட உட்காருங்கள். உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். கதை நடுவில், வீரன் முதல் தடவை தோற்கும் இடத்தில், ரிமோட்டை எடுத்து நிறுத்துங்கள். "இப்ப ரைனோவுக்கு ஏன் கோபம்?", "ஸ்பைடி அடிக்காம வேற என்ன செய்யலாம்?", "அவன் உன்னைத் தள்ளிவிட்டா உனக்கு எங்க வலிக்கும்?" இப்படி ஒரே ஒரு கேள்வி. சரியான பதில் வர வேண்டியதில்லை. "கடிக்கலாம்" என்றுகூடச் சொல்வான், சிரித்துவிட்டு மேலே ஓட்டுங்கள். பாடத்தை அவனே கண்டுபிடித்துவிடுவான் என்று விட்டுவிட்டால் மூன்று கால் நாய் கதைதான். நீங்கள் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு எல்லா நாளும் முடியாது என்று எனக்குத் தெரியும், வேலைக்குப் போகிறவர். வாரத்துக்கு மூன்று நாள் செய்தாலே போதும். மற்ற நாளில் அப்பா உட்காரட்டும், அவருக்கும் படம் பிடிக்கும் போலத் தெரிகிறது.

அடுத்தது விளையாட்டு. அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வேடம் கட்டி விளையாடுவது அந்த வயதின் பிரதான வேலை. தடுத்தால் நீங்கள் இல்லாத இடத்தில் விளையாடுவான். மேலும் அந்த வேடத்தால் உங்களுக்கே ஆதாயம் உண்டு. 2017இல் அமெரிக்காவில் நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சலிப்பான வேலையைப் பத்து நிமிடம் கொடுத்து, பக்கத்திலேயே ஜாலியான ஒரு கேமையும் வைத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோய் விளையாடலாம். "நான் ஒழுங்காக வேலை செய்கிறேனா?" என்று தன்னைக் கேட்டுக்கொண்ட பிள்ளைகளைவிட, பேட்மேன் மாதிரி யாராவது ஒருவரின் வேடம் போட்டுக்கொண்டு "பேட்மேன் ஒழுங்காக வேலை செய்கிறானா?" என்று கேட்டுக்கொண்ட பிள்ளைகள் அதிக நேரம் வேலையில் இருந்தார்கள். அதே உடை, அதே வீரன். என்ன வேலையோடு சேர்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இது மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய சங்கதியும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது இத்தனூண்டு பிள்ளைக்கெல்லாம் சல்லடமும் தலைப்பாகையும் கட்டி, தோளில் தண்ணீர்ப் பையை மாட்டி அழைத்துவருகிறோம். அந்த வேடத்தில் அவன் செய்ய வேண்டியது, வெயிலில் வருகிற சாமிக்குக் குளிரக் குளிரத் தண்ணீர் பீய்ச்சுவது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் யார் கண்ணிலும் அடித்துவிடாமல். உங்கள் வீட்டு ஸ்பைடிக்கும் இப்படி வேலை கொடுங்கள். தங்கச்சி தண்ணீர் கேட்டால் டம்ளர் நிறைய சிந்தாமல் கொண்டுவருவது. துவைத்த துணியில் அவனுடையதைத் தேடிப் பிடிப்பது. இரவு பல் துலக்கும்போது "ஸ்பைடி கடைவாய்ப் பல் வரைக்கும் போவானா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு விதி மட்டும் கல்லில் எழுதியது மாதிரி இருக்கட்டும்: வலை காற்றில்தான் போகும், ஆள் மேல் கை படக் கூடாது. பட்டால் அந்த வேளைக்கு வேடம் கலைந்தது, துணியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தாயிற்று, நாளைக்குத்தான். அடி வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நாம் ஒரு அடி போட்டால் அவன் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வான். அப்புறம், பள்ளியில் "அவன் வில்லன்" என்று சொன்னது எனக்கு மூக்கில் குத்தியதைவிட முக்கியமாகப் படுகிறது. நான் நல்லவன், ஆகையால் நான் அடித்தால் நியாயம் என்று அந்தக் குட்டி மண்டையில் ஒரு கணக்கு ஓடுகிறது. இதை உடைக்க எளிய வழி, விளையாட்டில் மாற்றி மாற்றி வேடம் போடுவது. இன்று அவன் ஸ்பைடி, அப்பா ரைனோ. நாளை அவன் ரைனோ. ரைனோ எதற்காகத் திருடினான், அவனை யாராவது விளையாடச் சேர்த்துக்கொண்டார்களா என்று அவனே ஒரு கதை சொல்லட்டும். வில்லனுக்கு வாய் கொடுத்துவிட்டால், பக்கத்து பெஞ்சுப் பையனை வில்லன் என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்காது.

உங்கள் கணவருக்கு: ஓடுவது, குதிப்பது, சத்தம் போடுவது, இது பிள்ளை குணம், ஆண் பெண் இரண்டுக்கும் உண்டு. அந்த வயதுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்பது அதே 2019 வழிகாட்டுதலில் இருக்கிறது. சாயங்காலம் வைகைக் கரைப் பக்கமோ தோப்புப் பக்கமோ கூட்டிக்கொண்டு போய் ஓடவிடுங்கள். ஆனால் இரண்டு வயதுத் தங்கச்சியைத் தள்ளிவிடுவதற்கு "ஆம்பளப் பிள்ளை" என்று பேர் வைத்தால், அவள் காதிலும் அது விழுகிறது.

டிரெஸ். வாங்கிக் கொடுங்கள். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. மார்பிலும் கையிலும் பஞ்சு அடைத்துத் தசை வைத்த உடைகள் வருகின்றன, விளக்குத்தூண் பக்கம் கடைகளிலேயே தொங்கும். அதை விட்டுவிடுங்கள், நம் வெயிலுக்கு வேர்க்குரு நிச்சயம். முழு முகத்தையும் மூடும் முகமூடியும் வேண்டாம், பக்கவாட்டில் பார்வை மறைந்து படியில் தடுக்கும். என்னைக் கேட்டால், சிவப்பும் நீலமும் பருத்தித் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பேன். அழகர் உடை தைத்தே தலைமுறை கண்ட புதுமண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிலந்தி தைப்பது பெரிய காரியமா என்ன? இது பிறந்தநாளுக்கு ஒன்று, அத்தோடு சரி. டிபன் பாக்ஸ், செருப்பு, தண்ணீர் பாட்டில், பெட்ஷீட் என்று தொடர் வெளியான மறு மாதமே கடைகள் நிரம்பும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விளம்பரம் தங்களை வாங்கவைக்கத்தான் பேசுகிறது என்பதே சரியாகப் பிடிபடாது. பொருட்காட்சிக்குப் போகும் முன்பே "ஒரே ஒரு சாமான், எது என்று நீயே முடிவு பண்ணு" என்று பேசிக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் செய்து ஆறு, எட்டு வாரம் ஆன பிறகும் வாரத்தில் பல நாள் மற்ற பிள்ளைகளுக்குக் காயம் வரும்படி அடிக்கிறான், நாய் பூனையை வேண்டுமென்றே வதைக்கிறான், இரவில் அலறி எழுகிறான், வயதுக்குத் தக்கபடி வாக்கியமாகப் பேச வரவில்லை, அல்லது வேடத்தை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறான் என்றால் அது கார்ட்டூன் சமாசாரம் இல்லை. ஒரு குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கே போகலாம், காலையில் சீக்கிரம் போனால் நல்லது. காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். கேட்காத பிள்ளை வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்வது உண்டு. போகும்போது பள்ளி மிஸ்ஸிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்: எந்த நேரத்தில் அடித்தான், யாரை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று. டாக்டருக்கு எந்த ஸ்கேனைவிடவும் அந்தத் தாள் உதவும்.